ஆடி வெள்ளத்துக்கு வாங்கிய ஈயப் பொட்டலம்

மேட்டூரில் தண்ணீர் திறந்து காவிரி கரை தொட்டு ஓடும்போது, கோடையில் 20 கிராம் ஈயத்துக்கு (இரையை அடியில் நிறுத்தக் கட்டும் எடை) அடங்கி நின்ற தூண்டில் அடங்காது. போன ஆடியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே வீணாய்ப் போன பிறகுதான், திருச்சியில் ஒரு கடையில் ஈயம், சுவிவல் (நரம்பு முறுக்காமலிருக்கச் சுழலும் இணைப்பு வளையம்), தூண்டில் முள் எல்லாம் கலந்த பொட்டலம் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன்.

உள்ளே மூன்று வடிவ ஈயம். நடுவில் ஓட்டை போட்ட முட்டை, பிரமிட், அப்புறம் வில்லை மாதிரி தட்டையாக ஒன்று. "முட்டைதான் சார் எல்லாரும் வாங்குவாங்க" என்றார் கடைக்காரர். சரி என்று 3 அவுன்ஸ் முட்டையைக் கட்டி வீசினேன் (ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம்). மணலில் உருண்டு உருண்டு ஐந்து நிமிடத்தில் கரையோரப் புல்லுக்கே வந்துவிட்டது. அதே இடத்தில் 2 அவுன்ஸ் வில்லை அசையாமல் படுத்துக்கொண்டது! உருள வழியில்லாத வடிவம், தண்ணீர் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. பிரமிடும் மணலில் நன்றாகக் குத்தி நிற்கும், ஆனால் பாறை இடுக்கில் மாட்டினால் போனது போனதுதான்.

எடையைக் கூட்டுவதற்கு முன் தூண்டில் நரம்பைப் பாருங்கள். தடித்த தங்கூஸில் (ஒற்றை இழை நைலான் நரம்பு) ஆறு பிடித்து இழுக்க நிறைய இடம் இருக்கிறது, அதே பலமுள்ள பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) அதைவிட மெல்லிசு என்பதால் குறைந்த ஈயமே போதும். நேர் எதிரே வீசாமல் கொஞ்சம் மேல்நீர்ப் பக்கம் வீசி, ராடை உயர்த்திப் பிடித்தால் இழுப்பு இன்னும் குறையும்.

உயிர் இரைக்கு நான் போட்டது கெண்டைக் குஞ்சு, ஆசை வாளை மேல். முள்ளை முதுகில் குத்தினால் இந்த ஓட்டத்தில் குஞ்சு பம்பரமாய்ச் சுற்றிச் சீக்கிரம் செத்துவிடுகிறது. உதட்டில் குத்தினால் ஓட்டத்தை எதிர்த்து முகம் காட்டி நிற்கும். முள் நரம்பை ஒரு முழத்துக்கு மேல் விடவேண்டாம், நீளம் கூடினால் எல்லாம் முறுக்கிக்கொள்ளும்.

பொட்டலத்தில் எரிச்சல் மூட்டியது மூன்று வளையச் சுவிவல். ஒரு வளையத்தில் ராடு நரம்பு, ஒன்றில் முள், ஒன்றில் ஈயம் என்று கட்டி, ஈயத்துக்கு மட்டும் மெல்லிய நரம்பு போடுவது வழக்கம், பாறையில் மாட்டினால் அது மட்டும் அறுந்து மற்றது கைக்கு வரும். இங்கே பாறையில் மாட்டியபோது நரம்பு அறுவதற்கு முன் சுவிவலின் வளையமே விரிந்து முள்ளோடு போய்விட்டது. முட்டை ஈயத்தின் ஓட்டை விளிம்பும் கூர்மை, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காவிட்டால் நரம்பை அறுக்கும். (நரம்பில் மாட்டும் பிளவுள்ள குட்டி ஈயத்தைப் பல்லால் கடித்து மூடுகிறவர்கள் தயவுசெய்து குறடு வாங்குங்கள், ஈயம் விஷம்.)

முள் மட்டும் குறை சொல்ல முடியாத கூர். மூன்றாம் வாரம் அதில் ஒரு வாளை ஏறியது. மறுபடி இந்தப் பொட்டலம் வாங்கமாட்டேன், 2 அவுன்ஸிலும் 3 அவுன்ஸிலும் வில்லை ஈயம் உதிரியாகக் கிடைத்தால் பத்து எடுத்துக்கொண்டு, சுவிவலுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பேன்.