ஸ்பொன்சர் கோப்பு: இன்லாண்டா, அவுட்லாண்டா?

கனடாவின் ஸ்காபரோவில் யாராவது ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டிக்கொண்டு வந்தால், கொஞ்ச நாளில் எனக்கு ஒரு அழைப்பு வரும். மனைவியைக் கனடாவுக்குக் கூப்பிட என் தம்பி போட்ட ஸ்பொன்சர் கோப்போடு மூன்று வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, இன்லாண்டா, அவுட்லாண்டா? எது கெதியாக முடியும்?" துணைவர் கனடாவுக்குள் உங்களோடு வாழ்ந்தபடி விண்ணப்பிக்கும் வழி இன்லாண்ட், குடும்பப் பிரிவில் விண்ணப்பிக்கும் வழி அவுட்லாண்ட்.

கெதியை இரண்டாவதாகப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். கோப்பை மறுத்துவிட்டால் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு வழிகளும் உண்மையில் பிரிகிற இடம் அதுதான்.

பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் ஸ்பொன்சர் செய்பவர் 18 வயது நிரம்பிய குடியுரிமையாளராகவோ பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) உள்ளவராகவோ இருக்க வேண்டும். துணைவர் பி.ஆர். பெறும் நாளிலிருந்து 3 வருடத்துக்கு அவருடைய அடிப்படைச் செலவு உங்கள் பொறுப்பு. பெற்றோரைக் கூப்பிடும்போது கேட்கிற வருமான வரம்பு பொதுவாக இதற்குக் கிடையாது. ஆனால் அரசின் உதவிப் பணத்தில் இருப்பவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. இயலாமைக்காகப் பெறும் உதவிக்கு மட்டும் விலக்கு உண்டு. கட்டணமும் ஒன்றே. 2024 ஏப்ரல் 30இல் உயர்த்தியபோது மொத்தம் 1,205 டொலர், கைரேகைக்குத் தனியாக 85. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள், கட்டுமுன் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல், தொலைபேசியிலோ இணையத்திலோ நடந்த கலியாணத்தை 2015இலிருந்து ஸ்பொன்சருக்கு ஏற்பதில்லை. எழுத்து எழுதும்போது (திருமணப் பதிவின்போது) இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

இனி வித்தியாசத்துக்கு வருவோம். இன்லாண்ட் என்பது கனடாவுக்குள் உங்களோடு ஒரே வீட்டில் வாழும் கணவன் அல்லது மனைவிக்கானது. சேர்ந்து வாழ்வதுதான் அதன் அடிப்படை நிபந்தனை. அவுட்லாண்ட் என்பது குடும்பப் பிரிவு. துணைவர் யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம். பலர் தவறாக நினைப்பதுபோல அவர் கனடாவுக்கு வெளியே இருந்தே தீர வேண்டும் என்று இல்லை. விசிட்டர் விசாவில் வந்து உங்களோடு இருந்தபடியே குடும்பப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். இந்த ஒரு விஷயம் தெரியாமலே, "ஆள் இங்கே வந்தாச்சு, அப்போ இன்லாண்ட்தானே" என்று கோப்பைப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய.

அவுட்லாண்டில் கோப்பை மறுத்தால், ஸ்பொன்சர் செய்தவர் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். இன்லாண்டில் அந்த வாசலே இல்லை. 15 நாளுக்குள் சமஷ்டி நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும், அதிகாரி எடுத்த முடிவு நியாயமான வரம்புக்குள் இருந்ததா என்று மட்டுமே அங்கே பார்ப்பார்கள். புதிதாக ஒரு படத்தைக்கூடப் பொதுவாகக் காட்ட முடியாது. வென்றாலும் கோப்பு இன்னொரு அதிகாரியின் மேசைக்குத் திரும்பிப் போகும், அவ்வளவுதான்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று தம்பியின் கதையில்தான் எனக்கு விளங்கியது. மச்சாளின் (தம்பி மனைவியின்) அப்பா காலமாகி நாலு மாதத்தில் கலியாணம். குறித்த நாளைத் தள்ள வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். ஊர்ப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டு, இருபத்திரண்டு பேர், மேளமும் இல்லை, மாலை விருந்தும் இல்லை. விசா அதிகாரிக்கு அது சந்தேகமாகப் பட்டது. இந்தச் சமூகத்தில் மூத்த மகளின் கலியாணம் இப்படி நடக்காதே என்று எழுதினார். அதோடு, நேர்முகத்தில் மச்சாள் "அவருக்கு இரவு ஷிப்ட்" என்றிருக்கிறார். கோப்பில் பகல் வேலை என்றிருந்தது. நடுவில் ஷிப்ட் மாறியதை நாங்கள் யாரும் எழுதி அனுப்பவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து, திருமணம் உண்மையானதல்ல என்று மறுத்துவிட்டார். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி, "அண்ணை, மாமா செத்ததுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

மேன்முறையீட்டில் அதெல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல முடிந்தது. மரணச் சான்றிதழ், ஆண்டுத் திவசத்துப் படங்கள், ஐயரின் கடிதம், வேலைத்தளத்திலிருந்து ஷிப்ட் மாறிய திகதியோடு ஒரு கடிதம். மறுப்புக்குப் பிறகு தம்பி இரண்டு தரம் ஊருக்குப் போய் வந்த பயணச்சீட்டுகள்கூடச் சாட்சியாயின. மச்சாள் ஊரிலிருந்து தொலைபேசியில் தமிழிலேயே சாட்சி சொன்னார், மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அரை நாள் விசாரணை. வென்றதும் கோப்பு விசா அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், மெடிக்கல் புதிதாக எடுத்து, 2019இல் மச்சாள் பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். இதே கோப்பு இன்லாண்டாக இருந்திருந்தால், அந்த மரணச் சான்றிதழைக் காட்டுவதற்குப் புது விண்ணப்பமும் புதுக் கட்டணமும்தான் வழி. மேன்முறையீடும் சுலபமில்லை, வருடத்துக்கு மேல் இழுபடலாம். ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து உங்கள் கதையைக் கேட்கிறார்.

பேச்சுத் திருமணம் செய்தவர்கள் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும். சட்டத்தில் இரண்டு கேள்விகள் உண்டு. திருமணம் உண்மையானதா? குடிவரவையே முக்கிய நோக்கமாகக் கொண்டு செய்யப்பட்டதா? 2010இல் இந்த இரண்டுக்கும் நடுவில் "அல்லது" போட்டுவிட்டார்கள். ஒன்றில் சறுக்கினாலே மறுக்கலாம். சாதகம் பார்த்து, மூன்று மாதத்தில் பேசி முடித்து, இரண்டு கிழமை விடுமுறையில் தாலி கட்டி வருவது நமக்கு இயல்பு. படிவத்தை வாசிக்கிறவருக்கு அதை நாம்தான் விளக்க வேண்டும்.

சரி, அப்படியானால் இவ்வளவு பேர் இன்லாண்டை ஏன் தேடிப் போனார்கள்? ஓப்பன் வேர்க் பெர்மிட்தான் காரணம். 2014 டிசம்பரிலிருந்து இன்லாண்டில் போட்டவர்களுக்கு, பி.ஆர். வரும்வரை எங்கேயும் வேலை செய்யலாம் என்ற அனுமதி கிடைத்தது. அவுட்லாண்டுக்கு அப்போது அது இல்லை. ஒரு சம்பளத்தில் வாடகை கட்டும் வீட்டுக்கு அது பெரிய ஆறுதல்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2023 மே மாதத்தில் நிலைமை மாறியது. கனடாவில் செல்லுபடியான தற்காலிக அந்தஸ்தோடு ஸ்பொன்சரோடு வாழ்பவர் குடும்பப் பிரிவில் போட்டிருந்தாலும் ஓப்பன் வேர்க் பெர்மிட் கேட்கலாம் என்று அறிவித்தார்கள். ஸ்பொன்சர் கோப்புப் போட்ட துணைவர்களின் விசிட்டர் விசாவையும் விரைவாகப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு, சட்டப்படி இங்கே இருக்கிற ஒருவர் மேன்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து இன்லாண்டுக்குப் போவதற்கு எனக்கு வலுவான காரணம் தெரியவில்லை.

ஊருக்குப் போய்வருவதும் இருக்கிறது. இன்லாண்ட் கோப்பு ஓடும்போது நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று தடை இல்லை. ஆனால் திரும்பி வரும்போது உள்ளே விடாவிட்டால் சேர்ந்து வாழும் நிபந்தனை உடைந்து, கோப்பும் அதோடு போய்விடும். அம்மாவுக்குக் கடுமை என்று செய்தி வந்தாலும் யோசித்து யோசித்து நிற்கவேண்டிய நிலை அது. அவுட்லாண்டில் அந்தப் பயம் இல்லை.

இன்லாண்டே சரியான வழியாக இருப்பவர்களும் உண்டு, அவர்களை நான் மறக்கவில்லை. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு, விசா முடிந்து, அந்தஸ்து இல்லாமல் இங்கே இருப்பவர், ஒரு குடியுரிமையாளரையோ பி.ஆர். உள்ளவரையோ மணந்தால், 2005இல் வந்த பொதுக் கொள்கைப்படி அந்தஸ்து இல்லாத குறையைப் பாராமல் இன்லாண்ட் கோப்பை எடுப்பார்கள். குற்றம், பாதுகாப்பு போன்ற வேறு தடைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. நாடுகடத்தும் கட்டத்துக்கு வந்துவிட்டவர் ஒரு வழக்கறிஞரைப் பார்க்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது. இப்படிப்பட்டவர் அவுட்லாண்ட் என்று நாட்டைவிட்டுப் போனால், திரும்பி வரத் தனி அனுமதி கேட்கும் நிலை வரலாம்.

அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு இன்னும் பி.ஆர். எடுக்காதவர்கள் இந்த இரண்டையுமே பார்க்கத் தேவையில்லை. தன்னுடைய பி.ஆர். விண்ணப்பத்திலேயே ஊரில் இருக்கும் மனைவியையும் பிள்ளைகளையும் சேர்க்கலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கலியாணம் கட்டியதை மறைத்து பி.ஆர். எடுப்பது. அப்படி மறைத்த துணைவரைப் பிறகு ஸ்பொன்சர் செய்யச் சட்டமே தடை போடுகிறது. 2019இலிருந்து சிலருக்கு அதில் சலுகை வந்தாலும், அதை நம்பி இறங்கக்கூடாது.

கியூபெக்கில் இருப்பவர்களுக்கு மாகாணத்தின் தனிப் பொறுப்பேற்பும் தெரிவுச் சான்றிதழும் இதற்கு மேலாக வரும். மொன்றியல்காரர்கள் ரொறன்ரோவில் இருக்கும் சொந்தக்காரரின் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊரில் இருக்கும் துணைவரை விசிட்டரில் கூப்பிட்டுவிட்டு இங்கே வைத்து முடிவெடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: முதலில் குடும்பப் பிரிவில் கோப்பைப் போடுங்கள். கோப்பு கிடைத்ததாக வரும் கடிதத்தோடு விசிட்டர் விசா கேளுங்கள். நிரந்தரமாக வரும் எண்ணம் இருந்தாலும் தற்காலிகமாக வரலாம் என்பதைச் சட்டம் ஏற்கிறது. விசா கிடைத்தால் சேர்ந்திருந்து காத்திருக்கலாம், கிடைக்காவிட்டாலும் பி.ஆர். கோப்பு அதன் பாட்டில் ஓடும். ஐ.எம்.எம். 5532 படிவத்தில் கலியாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கும் இடத்தில், எண்ணிக்கை குறைவென்றால் ஏன் குறைவு என்று ஒரு தாளில் எழுதி, அதற்கான சான்றையும் அன்றைக்கே சேர்த்து அனுப்புங்கள்.