பத்திரம் அடிக்கும் அலுவலகத்தில் ஒரு லேசர், ஒரு இங்க் டேங்க்: பல வருஷ அனுபவம்

சார்பதிவாளர் அலுவலகம் இருக்கும் தெருவில், பத்திரம் தயாரித்துத் தரும் சின்ன அலுவலகம் எங்களுடையது. கருப்பு வெள்ளைக்கு ஒரு லேசர் பிரிண்டர், கலருக்கு ஒரு இங்க் டேங்க், அதாவது தொட்டியில் மை ஊற்றி ஓட்டும் பிரிண்டர். இரண்டும் பல வருஷமாக ஓடுகின்றன. முகூர்த்த நாளில் டோக்கன் நேரம் நெருங்கும்போது பிரிண்டர் நின்றுபோனால், காத்திருப்பவர்களின் தவிப்பைப் பார்க்க முடியாது. மெக்கானிக்கைக் கூப்பிட்டே ஆக வேண்டிய கோளாறுகள் குறைவுதான். பெரும்பாலும் பேப்பரும் செட்டிங்கும்தான் படுத்துகின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் பிரித்து வைத்த ரீம் (பேப்பர் கட்டு) ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தாள்கள் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாக உள்ளே போய்ச் சிக்கும். லேசரின் சூட்டில் சுருண்டும் வரும். அந்த மாதங்களில் தேவையானதை மட்டும் டிரேயில் வைத்துவிட்டு, மீதியைக் கவரோடு சுற்றி அலமாரியில் வைக்கிறோம். சிக்கிய தாளை ஒரு கையால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பிரிண்டரை அணைத்து, சூடு ஆறவிட்டு, மூடியைத் திறந்து, தாள் போகும் திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக எடுக்க வேண்டும். நகத்தளவு துண்டு உள்ளே தங்கி சென்சாரை மறைத்தாலும் ‘பேப்பர் ஜாம்’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். தாளே இழுபடாமல் வெறும் சத்தம் மட்டும் வந்தால், ரோலர் ரப்பர் தூசி படிந்து வழவழவென்று ஆகியிருக்கும். நூல் பிரியாத துணியை நனைத்துப் பிழிந்து, ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

எங்களுக்கு உயிர்நாடி முத்திரைத்தாள். அது வீணானால் பணமும் போகும், பதிவும் தள்ளிப்போகும். அதனால் முதலில் அதே அளவுள்ள வெள்ளைத்தாளில் அடித்து, முத்திரைத்தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். முதல் வரி முத்திரைக்குக் கீழே சரியாக உட்கார்ந்திருந்தால்தான் அசல் உள்ளே போகும். அதுவும் டிரேயில் இல்லை, கையால் வைக்கும் ஸ்லாட்டில் ஒவ்வொன்றாக. தாள் வகையை ‘திக்’ என்று மாற்றுவதும் முக்கியம். சாதாரணத் தாளுக்கான செட்டிங்கில் அடித்தால் டோனர் என்னும் மைப்பொடி சரியாக உருகிப் பிடிக்காது. மடிப்பில் விரலை ஓட்டினால் எழுத்து பொடியாக உதிரும். காலத்துக்கும் நிற்க வேண்டிய ஆவணத்தில் இதை அனுமதிக்கவே முடியாது.

பக்கத்தில் ஒரே மாதிரிப் புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், டிரம்மிலோ (எழுத்தைத் தாளுக்கு மாற்றும் உருளை) ஏதாவது ரோலரிலோ கீறல் அல்லது அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். எழுத்து ஒரு பக்கம் மட்டும் வெளிறினால் டோனர் டப்பாவை வெளியே எடுத்து இடவலமாக ஆட்டிப் போட்டால் கொஞ்ச நாள் ஓடும். லேசரைக் கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸில் செருக வேண்டாம். சூடேறும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யூ.பி.எஸ். தாங்காது.

இங்க் டேங்க் அடிக்கடி வேலை கேட்கிற ரகம். சும்மா கிடந்தால் மை தெளிக்கும் ஹெட்டில் மை காய்ந்து கோடு கோடாக வரும். வாரம் ஒரு கலர் பக்கமாவது அடித்துவிடுங்கள். கோடு விழுந்தால் முதலில் நாசில் செக், அதாவது மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பக்கம். அதில் கோடுகள் விடுபட்டிருந்தால் மட்டும் ஹெட் கிளீனிங், அதுவும் ஓரிரு முறைதான். பிறகு சில மணி நேரம் அப்படியே விட்டுவைத்து மறுபடி பார்க்கலாம். ஒவ்வொரு கிளீனிங்கிலும் வீணாகும் மை உள்ளே இருக்கும் பஞ்சில்தான் சேர்கிறது. அது நிறைந்தால் பிரிண்டரே நின்றுவிடும். இரவில் சுவர் சுவிட்சை நேராக அணைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிரிண்டரின் பொத்தானை முதலில் அணைத்தால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும்.

பிரிண்டர் ஆன் ஆகியே இருக்க, கம்ப்யூட்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுவது இன்னொரு தலைவலி. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) கொடுத்துவிட்டால் இப்படி ஆகும். ரவுட்டரில் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கினோம், தொல்லை ஓய்ந்தது. பிரிண்ட் வரிசையில் ஒன்று மாட்டிக்கொண்டு அழிய மறுத்தால், விண்டோஸ் சர்வீசஸில் பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்தி, ஸ்பூல் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘பிரிண்டர்ஸ்’ ஃபோல்டரைக் காலி செய்து, மறுபடி ஓடவிட வேண்டும்.

தமிழில் ஆவணம் அடிப்பவர்களுக்கு ஒன்று. திரையில் ஒழுங்காகத் தெரியும் பி.டி.எஃப்., தாளில் கொம்பு தனி, எழுத்து தனியாகவோ கட்டங்களாகவோ வரலாம். அடோபி ரீடரின் பிரிண்ட் பெட்டியில் அட்வான்ஸ்டு போய் ‘பிரிண்ட் அஸ் இமேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் மெதுவாக வரும். ஆனால் எழுத்து சிதறாது.

எழுத்து வேலை மட்டும் உள்ள அலுவலகத்துக்கு நான் லேசரைத்தான் சொல்வேன். பள்ளிக்கூடப் புராஜெக்ட், போட்டோ என்று கலர் அடிக்கடி தேவைப்படும் வீட்டுக்கு இங்க் டேங்க் போதும்.