சேலம் அம்மாப்பேட்டை மாடியில் எட்டு சனிக்கிழமைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஓவிய வகுப்பு இல்லை. ஒரு கோடு நேராகப் போடத் தெரியாதவர்களும் தாராளமாகப் போகலாம், எனக்கு இன்னமும் தெரியாது. சின்ன வயதில் வீட்டிலோ பள்ளியிலோ விடுதியிலோ பெரியவர்களின் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, அதை யாரிடமும் சொல்லாமலே நாற்பது ஐம்பது வயதுக்கு வந்துவிட்டவர்களுக்காக, அதே அனுபவம் உள்ளவர்களே சேர்ந்து நடத்துகிற கலைக்குழு. வாசலில் போர்டு கிடையாது. மாடிப்படி ஏறுகிறவரைப் பார்த்து இவர் எதற்கு வந்திருக்கிறார் என்று தெருவே தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. அதே காரணத்தால் நானும் இங்கே பெயர் போடவில்லை, தேவைப்படுகிறவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

என் கதையையும் எழுதப் போவதில்லை. அங்கேயும் யாரும் கேட்கவில்லை, இந்த இடம் எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணமே அதுதான்.

சில வருடத்துக்கு முன் ஒரு ஆலோசகரிடம் போனேன். உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, "என்ன நடந்தது, ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க" என்றார். ஆரம்பம் எது என்று எனக்கே தெரிந்தால்தானே. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஒரு பவுடர் வாசனை, ஒரு ஃபேன் சத்தம், வெளியே கோலி விளையாடுகிற பிள்ளைகளின் குரல், இப்படித் துண்டு துண்டாகத்தான், அதை வரிசையாக அடுக்கி ஒருவர் நோட்டில் எழுதும்படி சொல்லச் சொன்னால் வாய் ஒட்டிக்கொள்கிறது. எண்ணூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன், மறுபடி போகவில்லை. எல்லா ஆலோசகரும் அப்படி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இங்கே முதல் இரண்டு வாரமும் கோலம். பழைய வேட்டியைத் தரையில் விரித்து, கரிக்கட்டியால் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று. பாதியில் கை நின்றுவிட்டது. கோலத்தை அரைகுறையாக விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மாவிடம் வாங்கிய திட்டு எல்லாம் நினைவுக்கு வர, அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டேன். நடத்துகிற அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "முடிக்கோணும்னு ஒண்ணுமில்லீங்க கண்ணு, அப்படியே விடுங்க, டீ வந்திருச்சு" என்றார். அப்படியே விட்டேன். நாற்பத்து மூன்று வயதில் ஒரு காரியத்தைப் பாதியில் நிறுத்தி, அதற்கு யாரும் கோபப்படாமல் டீ கொடுத்தது எனக்கு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பாதிக்கப்பட்டவர்களே நடத்தினால் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தாழ்ப்பாள் கதை சொல்கிறேன். அங்கே கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் சரியாக விழாது. வேறு இடமாக இருந்தால் "ஒருத்தரை வெளியே நிக்கச் சொல்லுங்க" என்பார்கள். நான் வாய் திறந்து சொல்லவே மூன்று வாரம் ஆனது. சொன்ன மறுவாரம் புதுத் தாழ்ப்பாள், மரத்தூள்கூடக் கீழே அப்படியே கிடந்தது, உள்பக்கத்தில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு. ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. நாற்காலிகளும் அப்படித்தான், யார் முதுகும் கதவைப் பார்த்து இருக்காது. இதையெல்லாம் எந்தப் பயிற்சியில் படித்திருப்பார்கள்?

நடுவில் இரண்டு வாரம் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூத்துக் கலைஞர் வந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அரிதாரம் குழைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்து, விரலை நீட்டுவதற்கு முன்னால் "தொடலாமுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றவர்களுக்குக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். நான் வேண்டாம் என்றேன், அடுத்த வாரம் சரி என்றேன். அவர் சொல்லிக் கொடுத்தது ராஜா வேஷம் இல்லை, கட்டியங்காரன் வேஷம். கூத்தில் ராஜாவையே குறுக்கே மறித்துக் கேள்வி கேட்கிற ஆள் அவன்தானே. ஒருவர் ராஜா மாதிரி ஏதாவது பேச ஆரம்பிக்க, கட்டியங்காரன் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், அதுதான் பயிற்சி. லேத் பட்டறையில் வேலை செய்கிற ஒரு அண்ணன், அதுவரை பெயரைத் தவிர ஒரு வார்த்தை பேசாதவர், "நிறுத்துடா!" என்று போட்ட சத்தத்தில் கீழே விசைத்தறி நின்றுபோய், தறிக்காரர் என்னவோ ஏதோ என்று மாடிக்கே ஓடி வந்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம், அந்த அண்ணன்தான் அதிகம் சிரித்தார், அப்புறம் கொஞ்ச நேரம் பால்கனியில் போய் நின்றார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி.)

ஆண்கள் மூன்றே பேர்தான் வருகிறார்கள். பையன்களுக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைத்தால், மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்து 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 53 சதவீதத்துக்கு மேல் குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள், அதில் பாதிக்குச் சற்று மேல் பையன்கள்.

இவர்கள் சிகிச்சை கொடுப்பதில்லை, கொடுப்பதாகச் சொல்வதும் இல்லை. ராத்திரியில் ரொம்ப முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416 என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, முதல் நாளே யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள்: இப்போது ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பதாக யார் சொன்னாலும் அதை மூடி வைக்க முடியாது, போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், தெரிந்தும் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 14இல், அதற்கு முன்னால் நடந்தது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில்தான் வரும் என்பதையும் சொன்னார்கள், ஆனால் புகார் கொடு என்றோ கொடுக்காதே என்றோ ஒரு வார்த்தை இல்லை. எனக்கு இந்த நேர்மை பிடித்திருந்தது. ரகசியம் காப்போம் என்று பொத்தாம்பொதுவாகச் சத்தியம் பண்ணுகிறவர்களைச் சின்ன வயதிலேயே பார்த்தாயிற்று.

குறை இல்லாமல் இல்லை. ஏழாவது வாரம் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனது வேண்டாத வேலை. வேனில் இருபது கொண்டை ஊசி வளைவு, எட்டாவதிலேயே இருவருக்கு வாந்தி, மேலே போனால் ஒரே பனிமூட்டம், எதிரே இருக்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. காப்பித் தோட்டத்து ஷெட்டில் களிமண் வேலை, அந்த ஈரத்தில் ஒன்றும் காயவில்லை, கீழே கொண்டுவந்து இறக்கும்போது பாதிக்கு மேல் விரிசல். என் டம்ளர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வர இஷ்டமில்லாதவர்கள் வர வேண்டாம் என்று சொன்னார்கள்தான், ஆனால் அந்த வாரம் சேலத்தில் வகுப்பு வைக்கவில்லையே, அப்புறம் அது என்ன இஷ்டம்? இதைச் சொன்னேன், அடுத்த குழுவுக்கு இரண்டு இடத்திலும் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், பார்ப்போம்.

மாடிப்படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். போன் செய்தால் எடுக்க மாட்டார்கள், இரண்டு நாள் கழித்துத்தான் கூப்பிடுவார்கள். கட்டணம் என்று இல்லை, மூலையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது, நான் வாரம் இருநூறு போட்டேன், போடாதவர்களையும் யாரும் பார்ப்பதில்லை.

ஐந்துக்கு நாலு தருவேன், ஏற்காட்டுக்காக ஒன்று குறைத்தாயிற்று. மூன்று மணிக்கு ஆரம்பம். தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு போனால் நல்ல வரவேற்பு இருக்கும், சட்னியை மட்டும் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், போன வாரம் ஊறிப்போய் வேட்டியெல்லாம் காரச் சட்னி.