சர்வருக்கு ஒரு நியாயம், போனுக்கு ஒரு நியாயம்

சிஸ்டம் அட்மின்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு இரண்டு இடத்தில் வந்து நிற்கும். ஒன்று, ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் மென்பொருளான விஎம்வேரை விட்டு வெளியே வரலாமா. இன்னொன்று, ஐபோனா ஆண்ட்ராய்டா. எங்கள் குழுவில் சர்வருக்கு ஓப்பன் சோர்ஸ்தான் என்று அடித்துப் பேசுகிறவர் வைத்திருப்பது ஐபோன். விஎம்வேரைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறவர், ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற கட்டளைவரிச் செயலியைப் போட்டு அதிலிருந்தே சர்வருக்குள் நுழைகிறார். முதலில் எனக்கு இது முரணாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. சர்வரை எடுக்கும்போது "நாளைக்கு இதை விட்டுப் போக முடியுமா" என்று கேட்க வேண்டும். போனை எடுக்கும்போது "ராத்திரி மூன்று மணிக்கு அலர்ட் வந்தால் இது அடிக்குமா" என்று கேட்க வேண்டும்.

விஎம்வேர் தரத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை அணைக்காமலே வேறு சர்வருக்கு நகர்த்துவது, சுமையைப் பார்த்து டிஆர்எஸ் தானாகவே விஎம்களைப் பிரித்து வைப்பது, ஒரே ஸ்டோரேஜைப் பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ள விஎம்எஃப்எஸ் என்று எல்லாமே பல வருடம் அடிபட்டுத் தேறியவை. ஆனால் 2023 நவம்பரில் விஎம்வேரை ப்ராட்காம் நிறுவனம் வாங்கிய பிறகு கணக்கு மாறிவிட்டது. ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸை அந்த டிசம்பரிலேயே நிறுத்தினார்கள். இனி சந்தாதான், அதுவும் சிபியுவுக்குள் இருக்கும் கோர்களின் எண்ணிக்கைக் கணக்கில். ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர் என்று எண்ணுவார்கள். உங்கள் சிபியுவில் 8 கோர்தான் என்றாலும் 16-க்குக் கட்ட வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது தாங்கும். இரண்டு மூன்று சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இடிக்கிறது.

விஎம்வேருக்கு மாற்றான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ப்ராக்ஸ்மாக்ஸ் 2008-இல் வந்தது. அடியில் டெபியன் லினக்ஸ், அதன்மேல் விஎம்களை ஓட்டும் கேவிஎம்; அது 2007-இலேயே லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. எனக்கு இதில் பிடித்தது, ஒரு விஎம்மின் முழு அமைப்பும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருப்பது. திறந்து படிக்கலாம், பிரதி எடுத்து வைக்கலாம். நாளைக்கு ப்ராக்ஸ்மாக்ஸே வேண்டாம் என்றாலும் அந்த டிஸ்கைக் கொண்டுபோய் கேவிஎம் இருக்கும் எந்த லினக்ஸிலும் ஓட்டலாம். வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது.

மாறுவது சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். 2024-இல், விஎம்வேரின் சர்வர் மென்பொருளான ஈஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து விஎம்களை நேராக இறக்கிக்கொள்ளும் விஸார்ட் ப்ராக்ஸ்மாக்ஸில் வந்தது. பாதி வேலையை அது செய்துவிடும். மீதிப் பாதியில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். விண்டோஸ் விஎம்மைக் கொண்டுவந்து டிஸ்கை உடனே விர்ட்ஐஓவில் (விஎம்களுக்கென்றே உள்ள வேகமான இணைப்பு முறை) போட்டால் நீலத்திரைதான் வரும், ஏனென்றால் அந்த டிரைவர் உள்ளே கிடையாது. முதலில் சாட்டா (வழக்கமான ஹார்ட் டிஸ்க் இணைப்பு) டிஸ்காக வைத்து பூட் செய்யுங்கள். சும்மா ஒரு ஜிபியில் விர்ட்ஐஓ டிஸ்க் ஒன்றைக் கூடவே சேர்த்து டிரைவரைப் போடுங்கள். அப்புறம் அணைத்துவிட்டு மெயின் டிஸ்கை மாற்றுங்கள். லினக்ஸ் விஎம்மில் சிக்கல் வேறு மாதிரி. எழுந்துவிடும், ஆனால் பிங் போகாது, அதாவது நெட்வொர்க் இருக்காது. விஎம்வேரில் இஎன்எஸ்192 என்றிருந்த நெட்வொர்க் கார்டின் பெயர் இங்கே இஎன்எஸ்18 ஆகியிருக்கும். ஐபி முகவரி பழைய பெயரிலேயே எழுதிக் கிடக்கும். கன்சோலைத் திறந்து ஒரு வரி மாற்றினால் முடிந்தது. தெரியாதவருக்கு இதிலேயே ஒரு இரவு போய்விடும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் பின்தங்கும் இடமும் இருக்கிறது. ஃபைபர் சேனலிலோ ஐஸ்கஸியிலோ (சர்வர்களைத் தனி ஸ்டோரேஜோடு இணைக்கும் வழிகள்) பகிர்ந்த ஸ்டோரேஜ் வைத்திருப்பவர்களுக்கு விஎம்எஃப்எஸ் தந்த சௌகரியம் இங்கே அப்படியே கிடைக்காது. ப்ராக்ஸ்மாக்ஸில் அந்த ஸ்டோரேஜுக்கு எல்விஎம் என்ற லினக்ஸின் டிஸ்க் பிரிக்கும் முறைதான் வழக்கம். அதில் ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்நேர நிலையைப் பிடித்து வைப்பது) எடுக்கும் வசதி 2025-இல் வந்த 9-ஆம் பதிப்பில்தான், அதுவும் முன்னோட்டமாக, வந்தது. டிஆர்எஸ் அளவுக்கு முதிர்ந்த ஒன்றும் இல்லை. பெரிய சான் (இப்படிப் பகிரும் ஸ்டோரேஜ் நெட்வொர்க்) வைத்திருப்பவர் இன்னும் ஒரு வருடம் விஎம்வேரிலேயே இருக்கிறேன் என்றால் நான் தடுக்கமாட்டேன்.

மைக்ரோசாஃப்ட்டின் விஎம் மென்பொருளான ஹைப்பர்-விக்கு ஒரே கேள்வி போதும்: விண்டோஸ் சர்வர் டேட்டாசென்டர் லைசென்ஸ் ஏற்கெனவே கையில் இருக்கிறதா? இருந்தால் அந்த சர்வரில் எத்தனை விண்டோஸ் விஎம் வேண்டுமானாலும் ஓட்டலாம், அதையே எடுங்கள். லேப்டாப்பில் விஎம் போட்டுச் சோதனை செய்ய விர்ச்சுவல்பாக்ஸ் போதும். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம்.

சரி, போனுக்கு வருவோம். ஒரு இரவு, விஎம்களின் டிஸ்குகள் இருக்கும் டேட்டாஸ்டோர் நிரம்பி விஎம்கள் ஒவ்வொன்றாக நின்றன. அப்கிரேடுக்கு முன் நான் எடுத்து, அழிக்க மறந்த ஸ்னாப்ஷாட் மாதக்கணக்கில் வளர்ந்திருந்தது. மானிட்டரிங் சர்வர் அலர்ட்டைச் சரியாக அனுப்பியிருக்கிறது. என் போன் சத்தமே போடவில்லை. கடைசியில் ஜூனியர் ஒருவர் நேராகக் கூப்பிட்டார்: "அண்ணா, அலர்ட் வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு, பாக்கலையா?" பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த ஆண்ட்ராய்டு போன் அலர்ட் செயலியைப் பின்னணியில் மூடி வைத்திருந்தது.

அன்றிலிருந்து ஆன்-கால் போன் (அவசர அலர்ட்டுக்காக எந்நேரமும் கூட வைத்திருப்பது) என்றால் எனக்கு ஐபோன்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. 2018-இல் ஐஓஎஸ் 12-இல் வந்த கிரிட்டிக்கல் அலர்ட், போன் சைலன்ட்டில் இருந்தாலும் சத்தமாக அடிக்கும். ஆப்பிள் அனுமதித்த செயலிகளுக்கு மட்டுமே அந்த வசதி. ஆண்ட்ராய்டிலும் அதே பலனைப் பெறலாம்: பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு அன்ரெஸ்ட்ரிக்டட் கொடுத்து, தொந்தரவு வேண்டாம் நிலையை மீறவும் அனுமதிக்க வேண்டும். நாமே செய்ய வேண்டும், செய்ததை நடு இரவில் ஒரு போலி அலர்ட் அனுப்பிச் சோதிக்கவும் வேண்டும்.

நோண்டிப் பார்க்கும் ஆசை இருப்பவருக்கு ஆண்ட்ராய்டுக்கு ஈடு இல்லை. 2025 மார்ச்சில் பிக்ஸல் போன்களுக்கு வந்த டெர்மினல் செயலி, போனுக்குள்ளேயே ஒரு முழு டெபியன் விஎம்மை ஓட்டுகிறது. ஐபோனில் 2024-இல் அனுமதி கிடைத்த யூடிஎம் எஸ்இ என்ற விஎம் செயலி இருக்கிறது; ஜிட் (ஓடும்போதே கோடை மொத்தமாக இயந்திர மொழிக்கு மாற்றும் முறை) இல்லாததால் வரிவரியாகப் பெயர்த்து மெதுவாக நகர்கிறது. வேலைச் செயலிகளை ஒர்க் ப்ரொஃபைலில் தனியே வைத்து, விடுமுறையில் ஒரே தட்டில் அத்தனையையும் அணைப்பதும் ஆண்ட்ராய்டில்தான். ஐபோனின் ஃபோகஸ் அறிவிப்புகளை வடிகட்டும். செயலிகளைப் பிரித்து வைக்காது. அப்டேட் விஷயத்தில் பழைய குறை தீர்ந்துவிட்டது: பிக்ஸல் 8, கேலக்ஸி எஸ்24 முதல் 7 வருடம் தருகிறார்கள்.

எந்தப் பக்கம் தாவினாலும் பழைய போனை அவசரப்பட்டு ரீசெட் செய்துவிடாதீர்கள். சர்வர் லாகின்களுக்கான ஓடிபி எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அந்த ஓடிபியைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலியை ஒவ்வொரு கணக்காகப் புதிய போனுக்கு மாற்றி, ஒவ்வொன்றிலும் ஒருமுறை லாகின் செய்து பார்த்து, ரெக்கவரி கோடுகளை (ஓடிபி கிடைக்காதபோது உள்ளே நுழைய உதவுபவை) காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அழியுங்கள்.