ஃபுட்பால் ஜிஎம் விமர்சனம்: டிரெய்னிங் பட்டன் இல்லை, ஆனாலும் வீரர்கள் வளர்கிறார்கள்

அமெரிக்கன் ஃபுட்பால் மேனேஜ்மென்ட் கேம்கள் ஏற்கெனவே பழக்கமானவர்கள் ஃபுட்பால் ஜிஎம்மை (ஜிஎம் என்றால் ஜெனரல் மேனேஜர், அணியை நிர்வகிப்பவர்) திறந்ததும் முதலில் தேடுவது டிரெய்னிங் பக்கத்தைத்தான். அப்படி ஒரு பக்கமே இதில் கிடையாது. இந்த வாரம் பந்தை எறியும் க்வார்ட்டர்பேக்குக்கு அக்யூரசி (துல்லியம்), அடுத்த வாரம் டிஃபென்ஸில் ஆடும் லைன்பேக்கருக்கு டேக்கிளிங் (ஆளை மடக்கி வீழ்த்துவது) என்று பாயின்ட் பிரித்துக் கொடுக்கும் வேலை இல்லை. வருடத்துக்கு ஒரு முறை, ப்ரீசீசன் (சீசனுக்கு முந்தைய கட்டம்) தொடங்கும் அந்த ஒரு கிளிக்கில், லீகில் இருக்கும் எல்லா வீரர்களின் ரேட்டிங்கும் மாறிவிடும். அதற்கு முன்னால் என்ன செய்து வைத்தீர்கள் என்பதில்தான் இந்த கேமின் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. கோச்சிங்குக்கு எவ்வளவு செலவு, எந்த வயதில் எந்த பொசிஷன் ஆளை வைத்துக்கொள்வது, எப்போது கைமாற்றுவது. கையில் இருப்பது இந்த மூன்றும்தான்.

கேமைப் பற்றிச் சுருக்கமாக. பாஸ்கெட்பால் ஜிஎம் செய்தவரின் தயாரிப்பு. பிரவுசரிலேயே ஓடும், இலவசம். விளம்பரம் வரும், சந்தா கட்டினால் வராது. லீகின் டேட்டா எல்லாம் உங்கள் பிரவுசரிலேயே சேமிக்கப்படுகிறது. வீரர்கள் அனைவரும் கற்பனைப் பெயர்கள். 53 பேர் கொண்ட அணி, 7 சுற்று டிராஃப்ட் (புது வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது), கண்டிப்பான ஹார்ட் கேப் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு). மற்றவர்களோடு ஒரே லீகில் நேரடியாக மோதும் வசதி இல்லை. எதிரில் இருப்பது கம்ப்யூட்டர்தான். அதுவே போதும் என்பவர்களுக்கு, வீரர் வளர்ச்சியை இவ்வளவு யோசிக்கவைக்கும் இலவச கேம் இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.

ஒவ்வொரு வீரருக்கும் 0 முதல் 100 வரையிலான ரேட்டிங்குகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. உயரம், வலிமை, வேகம், எண்டூரன்ஸ் இவை எல்லோருக்கும் பொது. எறிபவருக்கு விஷன், பவர், அக்யூரசி. பந்தோடு ஓடுபவருக்கு பால் செக்யூரிட்டி, இலூசிவ்னஸ். ரிசீவருக்கு ரூட் ரன்னிங், ஹேண்ட்ஸ். லைனில் நிற்பவருக்கு ரன் பிளாக், பாஸ் பிளாக். டிஃபென்ஸுக்கு கவரேஜ், டேக்கிளிங், பாஸ் ரஷ், ரன் ஸ்டாப்பிங். கிக்கருக்கும் பன்ட்டருக்கும் தனித்தனியே பவரும் அக்யூரசியும். இவற்றை பொசிஷனுக்குத் தகுந்த எடையில் கூட்டித்தான் ஓவரால் (மொத்தத் திறன்) எண் வருகிறது. அதனால் ஒரே ஆளுக்கு ஒவ்வொரு பொசிஷனிலும் வேறு வேறு ஓவரால் இருக்கும். வீரரின் சொந்தப் பக்கத்தைத் திறந்தால் இது தெரியும். ரோஸ்டர் (அணி வீரர் பட்டியல்) பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆளை வெளியே அனுப்புபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஒரு சேஃப்ட்டியை (டிஃபென்ஸின் கடைசி வரிசை ஆள்) எடுத்துக்கொள்வோம். வயது 23, ஓவரால் 49. ரோஸ்டரில் பார்த்தால் பெஞ்சில் இருக்கும் நாலாவது ஆள், தூக்கிவிடலாம் என்றுதான் தோன்றும். பக்கத்தைத் திறந்து பாருங்கள். வேகம் அதிகம், கவரேஜும் நன்றாக இருக்கிறது. டேக்கிளிங்கும் ரன் ஸ்டாப்பிங்கும்தான் ஓவராலைக் கீழே இழுக்கின்றன. கார்னர்பேக் (எதிரணி ரிசீவரை ஒட்டி நின்று காப்பவர்) வேலைக்கு முக்கியமானவை வேகம், கவரேஜ், ஹேண்ட்ஸ் ஆகியவைதான். இப்படிப்பட்ட ஆள் கார்னரில் நல்ல எண் காட்ட நிறைய வாய்ப்பு உண்டு. டெப்த் சார்ட்டில் (எந்த இடத்தில் யார் ஆடுவது என்ற வரிசை) கார்னர் வரிசைக்கு மாற்றினால் போதும், ஒரு பைசா செலவில்லாமல் புது ஆள் கிடைத்த மாதிரி. டைட் எண்டுக்கும் (பிளாக்கும் செய்து பந்தும் பிடிப்பவர்) ஓஎல்லுக்கும் (அஃபென்ஸ் லைன்) இடையிலும், லைன்பேக்கருக்கும் டிஎல்லுக்கும் (டிஃபென்ஸ் லைன்) இடையிலும் இதே மாதிரி பொது ரேட்டிங்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு ப்ரீசீசனிலும் ஓரத்தில் இருக்கும் பத்துப் பதினைந்து பேரின் பக்கங்களை ஒரு முறை புரட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் போன வருடம் பொருந்தாத ஆள் இந்த வருடம் பொருந்தலாம்.

இனி வளர்ச்சி நடக்கும் விதம். வயதுதான் அடிப்படை. இளம் வயதில் சராசரியாக ஏற்றம், நடுவில் சமநிலை, பிறகு இறக்கம். அதன் மேல் அதிர்ஷ்டத்தின் ஆட்டம், அதுவும் இளையவர்களுக்குப் பெரிதாகவே இருக்கும். 21 வயது ஆள் ஒரே ப்ரீசீசனில் தடாலடியாக ஏறலாம், அசையாமலும் இருக்கலாம், கீழேயும் போகலாம். பொட்டென்ஷியல் (எட்டக்கூடிய உச்சம்) என்று காட்டப்படும் எண் வாக்குறுதி இல்லை, மதிப்பீடு. அதைத் தாண்டிப் போகிறவர்களும் உண்டு, பக்கத்திலேயே வராதவர்களும் உண்டு. ஆகவே ஒரே ஒரு டிராஃப்ட் நட்சத்திரத்தை நம்பிக் காத்திருப்பதைவிட, ஒரே பொசிஷனில் இரண்டு மூன்று இளையவர்களை வைத்துக்கொண்டு மேலே வருபவரைப் பிடித்துக்கொள்வதே சரியான வழி.

இங்கே புதியவர்களில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இளம் ஆளைக் களமிறக்கினால்தான் தேறுவான் என்று நினைத்து, நன்றாக ஆடும் மூத்தவரை உட்கார வைக்கிறார்கள். இந்த கேமில் ஆடும் நேரத்துக்கும் ரேட்டிங் வளர்ச்சிக்கும் தொடர்பே இல்லை. 22 வயது க்வார்ட்டர்பேக் சீசன் முழுக்கப் பெஞ்சில் இருந்தாலும், எல்லா மேட்சிலும் ஆடினாலும் ப்ரீசீசனில் அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றுதான். எனவே இன்றைக்கு யாருக்கு எண் அதிகமோ அவரே ஆடட்டும், இளையவர் ரோஸ்டரில் இடம் பிடித்தபடி இருந்தால் போதும். நிஜ ஃபுட்பாலைப் பார்த்து வருபவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும், உறுத்துவதில் நியாயமும் உண்டு. ஆனால் விதி தெரிந்துவிட்டால் அணியை வெல்லவைத்துக்கொண்டே வளர்க்க முடிகிறது. வேறு பல கேம்களில் இந்த இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

பொசிஷனைப் பொறுத்து வயதின் கணக்கு மாறுகிறது. வேகத்தை நம்பியிருக்கும் ரன்னிங் பேக்கும் (பந்தோடு ஓடுபவர்) கார்னரும் 30-ஐ நெருங்கும்போதே சரியத் தொடங்குவார்கள். ஓஎல் ஆட்கள் அதற்குப் பிறகும் சில வருடம் தாங்குவார்கள். க்வார்ட்டர்பேக் தாமதமாகத்தான் பழுக்கிறார், ஆனால் முப்பதுகளின் நடுவரை நிற்பார். கிக்கரும் பன்ட்டரும் அதையும் தாண்டி ஓடுவார்கள். இதைத் தெரிந்துகொண்டு ஒப்பந்தம் போட வேண்டும். 27 வயது ரன்னிங் பேக் உச்சத்தில் இருக்கும்போது ஐந்து வருட ஒப்பந்தம் கொடுப்பது கேப்பைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ளும் வேலை; அதே வயது க்வார்ட்டர்பேக்குக்கு அதே ஐந்து வருடம் நல்ல பேரம். அதிலும் அணியின் மொத்த ஓவராலில் க்வார்ட்டர்பேக் என்ற ஒற்றை இடத்துக்கு இருக்கும் எடை வேறு எந்த இடத்துக்கும் இல்லை. ரன்னிங் பேக்கின் பங்கு அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. காத்திருந்து வளர்க்கும் பொறுமை முழுவதையும் க்வார்ட்டர்பேக் மேல் வையுங்கள், ரன்னிங் பேக்கை மலிவாக வாங்கி மலிவாக மாற்றிக்கொண்டே இருங்கள்.

க்வார்ட்டர்பேக்கிடம் ஒரு சிக்கல் உண்டு. அவர் பழுப்பதற்குள் ரூக்கி ஒப்பந்தம் (புதுமுகத்தின் முதல் ஒப்பந்தம்) முடிந்துவிடும். ஹார்ட் கேப் என்பதால், நம் ஆள்தானே என்று கேப்பைத் தாண்டி மறு ஒப்பந்தம் போட முடியாது. அந்த வருடத்துக்கான இடத்தை முந்தைய சீசனிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். ரூக்கி ஒப்பந்தம் முடிக்கும் வீரருக்குச் சொந்த அணி மேல் மனநிலையில் ஒரு கூடுதல் சாய்வு இருக்கும். அதைப் பயன்படுத்தி அப்போதே நீண்ட ஒப்பந்தத்தில் பிடித்துவிடுங்கள். ஒரு வருட ஒப்பந்தம் போட்டுத் தள்ளிப்போட்டால் அடுத்த முறை அந்தச் சாய்வு இருக்காது.

நேரம் பற்றிய கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். பிளேஆஃப் முடிந்ததும் டிராஃப்ட், அதன் பின் மறு ஒப்பந்தம், பிறகு 30 நாள் ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் இல்லாதவர்களை எடுக்கும் காலம்), அப்புறம் ப்ரீசீசன். ரேட்டிங் மாறுவது கடைசிக் கட்டத்தில். அதாவது மறு ஒப்பந்தம் போடும்போது உங்கள் கண்ணில் படுவது போன வருடத்து எண். 31 வயது கார்னர் இன்னும் 65 காட்டுகிறார் என்று பணம் கொடுத்தால், ப்ரீசீசனில் அவர் 58 ஆகிவிடும் வாய்ப்பையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். விற்பதாக இருந்தால் ப்ரீசீசனுக்கு முன்பே விற்றுவிட வேண்டும். டிரேடிங் பிளாக்கில் (கைமாற்றத் தயாராக இருப்பவர்களின் பட்டியல்) போட்டு ஆஃபர் கேளுங்கள். ஜெயிக்கத் துடிக்கும் அணி மூத்தவருக்கு மதிப்புக் கொடுக்கும், மறுகட்டுமானத்தில் இருக்கும் அணி கொடுக்காது. சம்பளம் அதிகமான, எண் குறைந்த ஆளை ஹார்ட் கேப்பில் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். இதனால்தான் இறங்கப்போகும் ஆளை ஒரு வருடம் முன்கூட்டியே விற்பது ஒரு வருடம் பிந்தி விற்பதைவிட எப்போதும் மேல். ஃப்ரீ ஏஜென்சியில் நாள் போகப் போகக் கேட்கும் சம்பளம் இறங்கும். முதல் நாளே பாயாமல், இரண்டாம் வரிசை ஓஎல், டிஎல் ஆட்களை மாதக் கடைசியில் பொறுக்கிக்கொள்ளலாம்.

கோச்சிங் விஷயத்துக்கு வருவோம். ஃபைனான்ஸ் பக்கத்தில் ஸ்கவுட்டிங், கோச்சிங், ஃபெசிலிட்டிஸ் முதலிய செலவுகளுக்குத் தனித்தனி லெவல் இருக்கும். கோச்சிங் லெவல் உயர்ந்தால் எல்லோருடைய வளர்ச்சியும் கொஞ்சம் மேலே சாயும். இளையவர் கூடுதலாக ஏறுவார், மூத்தவர் மெதுவாக இறங்குவார். 53 பேருக்கும் ஒரே நேரத்தில் பலன் தருவது என்பதால் இதுதான் கேமிலேயே சிறந்த முதலீடு. இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். லெவல் என்பது இந்த மாதச் செலவை வைத்து வருவதில்லை, கடந்த மூன்று வருடச் செலவை வைத்து வருவது. ப்ரீசீசனுக்கு ஒரு வாரம் முன்னால் தொகையை ஏற்றினால் ஒன்றும் நடக்காது. இன்னொன்று, மேலே போகப் போக ஒவ்வொரு லெவலுக்கும் கிடைக்கும் பலன் சுருங்கும். லீகின் சராசரிக்குத் தெளிவாக மேலே நிறுத்திவிட்டு, மிச்சத்தை ஃபெசிலிட்டிஸில் போடுவது நல்லது. அது மெதுவாக வேலை செய்யும், ஆனால் வருமானத்தையும் வீரர்களின் மனநிலையையும் சேர்த்து உயர்த்தும்.

ஸ்கவுட்டிங்? ஒன்றாம் லெவலுக்கு இறக்கிவிடுங்கள். டிராஃப்ட் ஆட்களின் ரேட்டிங்கில் காட்டப்படும் பிழையைக் குறைப்பது மட்டும்தான் அதன் வேலை. 21 வயதை ஒட்டிய ஒருவரின் எதிர்காலம் எப்படியும் சீட்டுக் குலுக்கலாக இருக்கும்போது, இன்றைய எண்ணைத் துல்லியமாகப் பார்க்கக் காசு கொட்டுவதில் பலன் குறைவு. அந்தப் பணம் கோச்சிங்குக்குப் போகட்டும்.

ப்ரீசீசன் கிளிக்குக்குப் பிறகு செய்யவேண்டிய வேலை ஒன்றைப் பலர் மறக்கிறார்கள். ரோஸ்டர் பக்கத்தில் ஓவரால் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஏற்ற இறக்கம் பச்சையிலும் சிவப்பிலும் வரும். அதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு நேரே சீசனுக்குப் போய்விடக் கூடாது. டெப்த் சார்ட்டை ஒரு முறை கையால் மாற்றியிருந்தால், அந்த வரிசை தானாகத் திருந்தாது. போன வருடம் 55 ஆக இருந்து இப்போது 66 ஆன லைன்பேக்கர் பெஞ்சில் இருப்பார், 60-க்கு இறங்கியவர் ஆடிக்கொண்டிருப்பார். தானாக வரிசைப்படுத்தும் ஆட்டோ சார்ட் பட்டனை ஒரு தட்டு தட்டுங்கள், பிறகு மேலே சொன்ன சேஃப்ட்டி மாதிரி இடம் மாற்றியவர்களை மட்டும் மறுபடி கையால் வையுங்கள். கிக் ரிட்டர்ன், பன்ட் ரிட்டர்ன் வரிசைகளையும் அப்படியே பார்த்துவிடுங்கள். உங்கள் ஒரே நல்ல ரிசீவர் அங்கே நின்றால் அடிபடும் வாய்ப்பு கூடும். காயத்தோடு ஆடவைக்கும் ஸ்லைடர் சீசனுக்கும் பிளேஆஃபுக்கும் தனித்தனியாக இருக்கிறது. சீசனில் குறைவாகவும் பிளேஆஃபில் கூடவும் வைப்பது வசதி.

குறையும் சொல்லியாக வேண்டும். ஒரு குறிப்பிட்ட ரேட்டிங்கை மட்டும் வளர்க்க வழியே இல்லாதது, டிரெய்னிங்கை ரசித்து ஆடுபவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். அக்யூரசி ஒன்றுதான் குறை என்று தெரிந்தும் அந்த க்வார்ட்டர்பேக்குக்கு நீங்கள் செய்ய எதுவும் இல்லை. ஆடும் நேரம் கொஞ்சமாவது வளர்ச்சியில் சேர்ந்தால் தினசரி முடிவுகளுக்குக் கனம் கூடும். மற்றபடி, ஏன் ஒரு ஆள் ஏறினார், ஏன் இறங்கினார் என்பது இதில் மறைபொருளாக இல்லை; புரோகிராமின் கோடே வெளிப்படையாகப் படிக்கக் கிடைக்கிறது. இந்த நேர்மை பணம் வாங்கும் பல கேம்களில் கிடையாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் ஒரு சோதனை லீக் போட்டு, டூல்ஸில் இருக்கும் ஆட்டோ பிளேயில் பத்து சீசன் ஓடவிட்டு, பொசிஷனுக்கு ஓரிருவரின் வருடாந்திர ரேட்டிங்கைப் பின்தொடர்ந்து பாருங்கள். எந்த வயதில் யார் சரிகிறார்கள் என்பது ஒரு மணி நேரத்தில் மனதில் பதிந்துவிடும். அந்தச் சோதனை லீகில் காட் மோட் (எதையும் கையால் மாற்ற விடும் முறை) போட்டு ரேட்டிங்கை மாற்றிப் பார்ப்பதிலும் தவறில்லை. உங்கள் உண்மையான லீகில் மட்டும் வேண்டாம், ஒரு முறை போட்டுவிட்டால் அந்த லீகில் அச்சீவ்மென்ட் கிடைக்காது. பிரவுசர் டேட்டாவை அழித்தால் லீகும் சேர்ந்து அழியும் என்பதால், ஒவ்வொரு ப்ரீசீசனுக்கு முன்பும் டூல்ஸில் எக்ஸ்போர்ட் செய்து ஃபைலை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.