பழைய காரை சோர்ன் போட்டுட்டு ரெண்டாவது காருக்கு இன்சூரன்ஸ்: எந்த வழி தேவல?

சோர்ன்னா, கார் ரோட்டுல ஓடலன்னு அரசுகிட்ட கொடுக்கிற அறிவிப்பு. யூகேல பழைய காரை விக்க மனசில்லாம, ஓட்டவும் அவசியமில்லாம நிறுத்தி வெச்சுட்டு இன்னொண்ணு வாங்குறவங்க எல்லாரும் முதல்ல பிரீமியத்தைத்தான் பாக்குறாங்க. அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது, பழைய கார் நிக்கிற இடம் யாரோடது, உங்க நோ க்ளெய்ம்ஸ் போனஸ் (க்ளெய்ம் பண்ணாத வருஷங்களுக்கு பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி) எந்த கார் பேர்ல இருக்கு, இது ரெண்டும்தான்.

வெறும் சோர்ன் மட்டும் போடுறதுதான் இருக்கிறதுலயே மலிவு. டாக்ஸ் வேண்டாம், எம்ஓடி (வருஷா வருஷம் பண்ற கார் தகுதிச் சோதனை) வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம், மீதி முழு மாசங்களுக்கு கட்டின டாக்ஸ் திரும்பி வந்துடும். ஆனா கார் கராஜ்லயோ சொந்த டிரைவ்வேலயோ தனியார் இடத்துலயோ நிக்கணும். தெருவுல பார்க் பண்றவங்க இதை மறந்துடலாம், ஏன்னா இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல 2011ல இருந்து சோர்ன் இல்லாத கார் ஓடாம நின்னாலும் அதுக்கு இன்சூரன்ஸ் இருந்தே ஆகணும், முதல்ல லெட்டர் வரும், கண்டுக்கலன்னா 100 பவுண்டு ஃபைன், கோர்ட் வரைக்கும் போனா 1,000 பவுண்டு வரை.

பலர் மாட்டுற இடம் தேதி. லாக்புக்ல (கார் பதிவு ஆவணம்) இருக்கிற 11 இலக்க நம்பர் போட்டா சோர்ன் உடனே ஆரம்பிக்கும், டாக்ஸ் ரிமைண்டர்ல வர்ற 16 இலக்க நம்பர் போட்டா அடுத்த மாசம் 1ஆம் தேதிதான். இது தெரியாம பாலிசியை இன்னைக்கே கேன்சல் பண்ணா நடுவுல இருக்கிற நாளெல்லாம் சோர்னும் இல்ல, இன்சூரன்ஸும் இல்ல.

சோர்னோட லெய்ட்-அப் கவர், அதாவது நிறுத்தி வெச்ச காருக்கான இன்சூரன்ஸ், எடுக்கிறது அடுத்த வழி. பொதுவா திருட்டு, தீ விபத்துக்குத்தான், ரோட்டுல இறக்க முடியாது. நல்ல விலை போற கார்னா, பாகம் பாகமா கழட்டி ரிப்பேர் பண்ற கார்னா எடுக்கலாம். சும்மா துரு பிடிச்சுட்டு நிக்கிறதுக்கு தண்டம்.

மல்டி-கார் பாலிசில ரெண்டையும் போட்டா நினைச்சப்ப எதையும் எடுத்து ஓட்டலாம், டாக்ஸும் எம்ஓடியும் மட்டும் சரியா இருக்கணும். சிக்கல் போனஸ்லதான். ஒரு போனஸை பொதுவா ஒரு காருக்குத்தான் காட்ட முடியும், ரெண்டாவது பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். சில கம்பெனிங்க அதே வருஷக் கணக்கை ரெண்டாவதுக்கும் ஒத்துக்குவாங்க, ஆனா நாமளா வாயைத் திறந்து கேட்டாத்தான். என்னைக் கேட்டா, வருஷத்துல பாதி மாசமாவது ரெண்டும் ஓடினாத்தான் இது கட்டுப்படியாகும். இல்லன்னா போனஸை ஓடுற காருக்கு மாத்திட்டு பழசை சோர்ன் போடுறதுதான் புத்திசாலித்தனம், நிக்கிற கார்ல போனஸை விட்டா பொதுவா ரெண்டு வருஷத்துல செல்லாம போயிடும்.

தேவைப்படுற அன்னைக்கு மட்டும் ஒரு நாள் இன்சூரன்ஸ் எடுத்துக்கலாமேன்னு தோணும். காரை வெளிய எடுக்க டாக்ஸ் கட்டணும், கட்டின உடனே சோர்ன் போயிடும், மறுநாள் கவர் முடிஞ்சதும் திரும்ப சோர்ன் போடலன்னா அதே லெட்டர்தான். முன்னாடியே புக் பண்ணின எம்ஓடிக்கு போறதுக்கு மட்டும் டாக்ஸ்லயும் சோர்ன்லயும் விலக்கு உண்டு, அதுக்கும் இன்சூரன்ஸ் வேணும். புது பாலிசில "மத்த கார் ஓட்டலாம்"னு இருக்கேன்னு பழசை எடுத்துடாதீங்க, அது நம்ம பேர்ல இல்லாத காருக்குத்தான்.