காலி மனையா, வாடகை வீடா?

கையில் இருப்பது ஒரே ஒரு முதலீட்டுக்கான பணம் என்றால், நான் காலி மனையைவிட, வாடகைக்கு விட ஒரு வீடு வாங்குவதன் பக்கம்தான். மனையில் குழாய் ஒழுகாது, குடியிருப்பவர் நடுராத்திரியில் கூப்பிடமாட்டார், அது உண்மை. ஆனால் விற்கும்வரை சும்மா கிடக்கும் மனையிலிருந்து ஒரு காசு வராது. வரி கட்ட வேண்டும், எல்லைக்கல் நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மனைக்கடனுக்கு வங்கி கேட்கும் முன்பணமும் பெரும்பாலும் அதிகம்.

வீடோ, வரும் வாடகையால் மாதாமாதம் கடன் தவணையைச் சுமக்க உதவும். சரி, வாடகைக் கணக்கை மட்டும் 12 மாதத்துக்குப் போடாதீர்கள். ஆள் மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே ஆண்டு வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அப்புறம் வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது. 10 மாத வாடகையிலேயே தவணை, வரி, பராமரிப்பு எல்லாம் கட்டுப்படியானால் தாராளமாக வாங்கலாம். ஆகாவிட்டால் விலையைப் பேசிக் குறைக்கப் பாருங்கள்.